புள்ளி தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், முதுகுப் பக்கம் நாடா கட்டிய கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் அறை வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். உட்கார நாற்காலி இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கோயில் வரிசையில் ஐந்து நிமிடம் நின்றாலே கால் மாற்றிக் கால் மாற்றி முன்னால் எட்டிப் பார்க்கிற ஆள் நான்.

தொழில் பஸ் ஓட்டுவது. பதினான்கு வருடம். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவன்தானே, இதென்ன அவஸ்தை என்று நீங்கள் கேட்கலாம். நான் உட்கார்ந்திருப்பேன், பஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

அந்த வேலையைத்தான் என் இடது கண் பறித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் ஒரு நாள், கண்ணை அப்படி இப்படித் திருப்பினால் உள்ளே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல வலித்தது. மறுநாள் சிக்னலில் நின்றபோது வலது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த விளக்கு, இடது கண்ணுக்குப் பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. கிளினிக்குக்குப் போனேன். பலகையில் இருந்த எழுத்துகளை எல்லாம் படித்துவிட்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். டிப்போவில் விஷயம் பரவியது. என்னுடன் வேலை பார்த்த ஒருவர், என் தோளில் தட்டி, “சாவ்கெங் பண்றியா?” என்று கண்ணடித்தார். இங்கே ராணுவச் சேவை முடித்த எல்லா ஆண்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நோய் நோய் என்று நடிப்பவனை அப்படிச் சொல்வார்கள். கேலிதான், ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான்கு நாளில் அந்தக் கண்ணில் பனி மூட்டம் மாதிரி மூடிக்கொண்டது. அப்புறம்தான் பெரிய மருத்துவமனை, தலைக்கு ஸ்கேன், கையில் மருந்து டிரிப். மூளையில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன, இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். பெயரே வாயில் நுழையவில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்புகளின் மேல் உறையைத் தின்றுவிடுமாம். வயரின் மேலே இருக்கும் ரப்பரை எலி கடித்த மாதிரி என்று விளக்கினார். என் விஷயத்தில் அது முதலில் கடித்தது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வயரை.

பார்வை திரும்பியது. மறுபடியும் பலகையில் எழுத்துகளைப் படித்தேன். ஆனால் என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பஸ்கள் வந்து கிளம்பும் இன்டர்சேஞ்சில் ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனையில் தேறினால் பஸ் திரும்பக் கிடைக்கலாம் என்ற பேச்சு மட்டும் இருந்தது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாதங்களை ஓட்டினேன். கவுன்டரில் நின்று, ஒவ்வொரு பஸ் வெளியே போகும்போதும் என் வலது கால் தரையை அழுத்தும். வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். “ஏங்க, கொஞ்சம் உட்காருங்களேன், டைல்ஸ் தேஞ்சிரும் லா,” என்பாள் என் மனைவி.

உண்மை என்னவென்றால், அந்தக் கண் சரியாகவில்லை. ஏர்கான் அறையில் எழுத்து படிக்கும். வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் போதும், தண்ணீரில் பால் ஊற்றினாற்போல் எல்லாம் வெளுத்துவிடும். நிழலில் நின்றால் மெல்லத் திரும்பி வரும். டாக்டரிடம் சொல்லவில்லை. சிங்கப்பூர் வெயிலில் யாருக்குத்தான் கண் கூசாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்பு உண்மையைச் சொன்னபோது சாவ்கெங் என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன், எல்லாரும் நம்புகிறார்கள். எது வசதி, சொல்லுங்கள்?

அப்படியிருக்கும்போதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மருத்துவமனையின் ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கும் பெண், நம் தமிழ்ப் பெண்தான், முப்பது வயதுக்குள் இருக்கும். “சார், இந்த நோய் உள்ளவங்க சில பேருக்கு போர்டுல எழுத்தெல்லாம் கரெக்டா தெரியும். ஆனா எனக்கு நல்லா தெரியலன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. யாரும் நம்ப மாட்டாங்க. மூளைய ஸ்கேன் பண்ணி, அது ஏன்னு பாக்கத்தான் இந்த ஸ்டடி,” என்றாள்.

ஒரு வருடத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அன்றைக்கு என் மண்டையில் ஓடியது வேறு கணக்கு. மூளையைப் பார்த்தே கண் நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டால், பரிசோதனையில் யார் மறுக்க முடியும்? இந்த முடிவுகள் உங்கள் முதலாளிக்குப் போகாது, உங்கள் டாக்டருக்குக்கூடப் போகாது என்று படிவத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் அதை நம்பவில்லை. இந்த ஊரில் எல்லாம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் போய்ச் சேரும் என்பது என் எண்ணம். சேரட்டும், நல்ல மார்க்காகச் சேரட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். சின்ன வயதிலிருந்து பரீட்சை, பரீட்சை என்றே வளர்ந்த ஊர்க்காரன் நான். முன்னால் எதை வைத்தாலும் அதில் பாஸ் பண்ணியாக வேண்டும் என்றுதான் கை பரபரக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வார நாளில் நோயாளிகளுக்கு வேண்டியிருப்பதால் ஆய்வுக்கு ஞாயிறுதான் இயந்திரம் கிடைக்குமாம். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் இல்லை என்றேன். கதவு வரை போன பிறகுதான் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் நினைவுக்கு வந்தது. கவுனைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி, கொக்கியைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தேன். அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார் ஸ்கேன் எடுக்கும் மலாய் அண்ணன். அன்று நான் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

உள்ளே போவதற்கு முன் அந்தப் பெண் பிளாஸ்டிக்கில் செய்த மூளை ஒன்றைக் காட்டினாள். “கண்ணு முன்னாடி இருந்தாலும் பாக்கற வேலை இங்கதான் சார் நடக்குது,” என்று பின்பக்கம், பிடரிக்கு மேலே தொட்டாள். பிறகு வேலையைச் சொன்னாள். ஒரு நேரத்தில் ஒரு கண்ணுக்குத்தான் காட்டுவார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை வேகமாக மின்னும், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி மின்னும். நடுவில் ஒரு சின்னச் சாம்பல் புள்ளி. அது அவ்வப்போது ஒரு கணம் சிவப்பாகும். அப்போது கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

“புள்ளி செவப்பாகறது தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. தெரியலன்னா சும்மா இருங்க. அதுவும் ஒரு பதில்தான்,” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

காதில் பஞ்சு, தலையைச் சுற்றி மெத்தை, முகத்துக்கு மேல் கூண்டு, அதில் பின்னால் இருக்கும் திரையைக் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடி. இயந்திரம் டக் டக் டக்கென்று ஆரம்பித்து, யாரோ இரும்புக் கதவை இடிப்பது போலப் போட்டு இடித்தது. மூக்கு அரித்தது. கால் பெருவிரல் ஆட வேண்டும் என்று துடித்தது. முதலில் வலது கண். புள்ளி பளிச்சென்று சிவந்தது, அழுத்தினேன். மறுபடி சிவந்தது, அழுத்தினேன்.

என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன். பஸ் ஓட்டுபவனுக்கு அது தொழில் பழக்கம். எந்தச் சந்திப்பில் சிவப்பு எத்தனை நொடி நிற்கும் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பலகை மின்ன ஆரம்பித்து ஐந்து எண்ணும்போது ஒரு சிவப்பு, பதினொன்றில் ஒன்று, பதினான்கில் ஒன்று. அடுத்த சுற்றில் மூன்றில், ஒன்பதில். மனசில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொண்டேன். அப்போது ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லை, சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை அது.

பிறகு இடது கண்.

பலகை மின்னுவது தெரிந்தது, அழுக்குத் துணிக்குப் பின்னால் நடப்பது போல. புள்ளி இருப்பதே சில சமயம்தான் தெரிந்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தில் ஏதாவது சிவந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஐந்தில் சிவந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரல் அழுத்திவிட்டது. பதினொன்று, அழுத்தினேன். பதினான்கு, அழுத்தினேன். முதல் தடவைதான் கூச்சமாக இருந்தது, மூன்றாவது தடவையில் எனக்கே அது நிஜமாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “லெஃப்ட் ஐல எப்படி சார் இருந்துச்சு?”

“கிளியரா இருந்துச்சு,” என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டு, “பாஸ் பண்ணிட்டேன்!” என்றேன். “இதுல என்னங்க பாஸ், ஃபெயிலு?” என்றாள் அவள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நேரே வீட்டுக்கு, தோ பாயோவுக்குப் போகாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். காரியம் நல்லபடியாக முடிந்தால் அம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். பொய் சொல்லித் தேறியதற்கு நன்றி சொல்ல ஒரு தேங்காய்! அம்மன் என்ன நினைத்தாளோ. நடுமதியம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நடைபாதை முழுக்கத் தலைகள். கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் ஊரிலிருந்து வந்த தம்பிகள் விடுமுறைக்குக் கூடுகிற நாள். கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து, ஒரு கடையில் தேங்காயை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் எதிர்ப்பக்கம் என்பதால் சாலையைக் கடக்க நின்றேன். சிக்னல் வரை போகப் பொறுமை இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கண் வெளுத்துப் போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. பாஸ் பண்ணிய கண் ஆயிற்றே.

அந்த இடத்தில் சாலை ஒருவழி. நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டிகள் இடப்பக்கமிருந்து வரும். ஒரு பார்வை விட்டேன். பஸ் ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று எனக்கா தெரியாது? இறங்கினேன்.

பின்னாலிருந்து என் காலரை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். அப்படியே நடைபாதையில் மல்லாந்து விழுந்தேன். முகத்துக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு பிரேக் சத்தத்தோடு தேய்ந்துகொண்டு போய் நின்றது. தேங்காய் சாலை ஓரக் கல்லில் பட்டுச் சிதறியது. வேண்டுதல் அங்கேயே முடிந்தது.

“யோவ்! பஸ்ஸு வர்றது தெரியல? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” இழுத்தவன் கத்தினான். முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், கழுத்தில் துண்டு. கத்திய கையோடு என்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். என் வயதைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “அடி பட்டிருச்சாண்ணே?”

நான் பஸ்ஸைப் பார்த்தேன். உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கம்பியைப் பிடித்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டியின் பையிலிருந்து விழுந்த ஆரஞ்சுப் பழங்களை யாரோ பொறுக்கினார்கள். ஓட்டுநர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. என்னை ஒரு முறை பார்த்து, நான் நிற்கிறேன் என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி அவர் தூங்க மாட்டார் என்பதும் தெரியும். அந்த இருக்கைக்குப் போவதற்காகத்தானே காலையில் பொய் சொல்லிவிட்டு வந்தேன். அதில் அவருக்குப் பதில் நான் உட்கார்ந்திருந்தால், கீழே என்னைப் போல ஒருவன் இறங்கியிருந்தால், பிரேக் அந்த நேரத்தில் விழுந்திருக்குமா?

அந்தத் தம்பி என்னைக் கடைகளுக்கு முன்னால் நிழலில் ஒரு படியில் உட்கார வைத்தான். எதிரே நின்றவன் முகத்தில் பாதி எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

“நெசமாவே பஸ் தெரியலையாண்ணே?” என்றான். இப்போது அவன் திட்டவில்லை, கேட்டான்.

“தெரியலப்பா. எனக்கு இந்தக் கண்ணு சரியா தெரியாது,” என்றேன்.

டாக்டரிடம் சொல்லாததை, மனைவியிடம் சொல்லாததை, பெயர் தெரியாத ஒருவனிடம் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கடைத்தெருவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நாற்பத்து மூன்று வயது ஆள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் ஒரு குளிர்ந்த தண்ணீர் போத்தலை வாங்கி வந்து, தன் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து என் பிடரியில் போட்டான். “எங்க சைட்டுல யாருக்காச்சும் மயக்கம் வந்தா இப்படித்தாண்ணே செய்வோம். சூடு எறங்கட்டும்.”

சூடு இறங்கியது. இடது கண்ணில் வெள்ளை மெல்ல விலகி, எதிர்க் கடையில் தொங்கிய பூமாலை நிறம் பிடித்தது. பிடரியில் அந்தக் குளிர்ந்த துண்டு. காலையில் அந்தப் பெண் பிளாஸ்டிக் மூளையில் தொட்டுக் காட்டிய இடம். கண் பொடனியிலா இருக்கிறது என்று இவன் திட்டியதை நினைத்து, அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று அவன் பயந்திருப்பான். என்னை எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டான். படி இறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பெயரைக் கேட்கவே இல்லை என்பது ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் மேசைத் துணியை எடுத்து மடித்தாள். பிறகு, “தினமும் காலைல கோப்பி ஊத்துறீங்களே, பாதி கப்புக்கு வெளிய போவுது. நான்தான் தொடைக்கறேன். பாத்திருக்கீங்களா?” என்றாள்.

“இல்லையே.”

“பாத்திருந்தா ஏன் வெளிய ஊத்தப் போறீங்க?” என்றாள். சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நானாகச் சொல்வேன் என்று மாதக்கணக்கில் மேசையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். டாக்டரை ஏமாற்றியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் இடைவேளையில், இன்டர்சேஞ்ச் கழிவறைப் பக்கம் நடந்துகொண்டே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எண்ணியதைச் சொன்னேன். ஐந்து, பதினொன்று, பதினான்கு என்று வரிசையையே ஒப்பித்தேன்.

“நாங்களும் பாத்தோம் சார். நல்ல கண்ணவிட கெட்ட கண்ணுல நீங்க ஃபாஸ்டா அழுத்தியிருந்தீங்க. நாலஞ்சு தடவ புள்ளி மாறுறதுக்கு முன்னாடியே அழுத்திட்டீங்க,” என்றாள். கேலி இல்லை, அலுப்புத்தான். “ரெண்டு கண்ணுக்கும் ஒரே வரிசைய வெச்சது எங்க தப்பு. இப்படி ஒருத்தர் எண்ணுவாருன்னு நாங்க நினைக்கல.”

நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அந்த ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டிருப்போம், கணக்கில் சேர்த்திருக்க மாட்டோம் என்றாள். அது என்னைக் கன்னத்தில் அறைந்தது. எழுத்து படிக்கத் தெரிந்தும் பார்வை சரியில்லை என்று கதறுகிறவர்களை நம்புவதற்காகவே நடக்கிற ஆய்வு அது. என்னை நம்புவதற்கென்றே ஒரு இயந்திரத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், நான் அதற்குள் படுத்துக்கொண்டு சாவ்கெங் அடித்திருக்கிறேன். தலைகீழ் சாவ்கெங்.

பஸ் விஷயத்தையும் சொன்னேன். தூரத்தில் இருக்கிறது என்று நினைத்தது எப்படி அவ்வளவு பக்கத்தில் வந்தது? அடிபட்ட நரம்பில் சேதி கொஞ்சம் தாமதமாகத்தான் மூளைக்குப் போகும், இரண்டு கண்ணும் வேறு வேறு நேரத்தில் சொன்னால் நகரும் பொருளின் இடம் தப்பாகத் தெரியலாம் என்று விளக்கினாள். உடம்பு சூடானால் தாமதம் கூடலாம், இதைக் கட்டாயம் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. சேதி என்கிற பஸ் தாமதமாக வந்திருக்கிறது, நானோ பொத்தானை அழுத்தி, அது சரியான நேரத்துக்கு வந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு வேலையே போகும்.

“இன்னொரு தடவ எடுக்க முடியுமாம்மா?” என்றேன்.

கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அரைஞாணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். புள்ளியின் வரிசையையும் மாற்றியிருந்தார்கள், எண்ணினாலும் பயனில்லை. இருந்தாலும் எண்ணாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனசுக்குள் என் பழைய தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், எண்கள் உள்ளே நுழையக் கூடாது என்று.

இடது கண் ஆரம்பித்தது. அழுக்குத் துணிக்குப் பின்னால் பலகை மின்னியது. ஒரு சிவப்பு நிச்சயமாகத் தெரிந்தது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் இல்லை. பலகை நின்றது, மின்னியது, நின்றது. இப்போது ஒன்று வந்திருக்குமோ? விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பதினான்கு வருடம் சும்மா இருக்கத் தெரியாத உடம்பு, அழுத்து அழுத்து என்றது. அழுத்தினால் பஸ் கிடைக்கும் என்று இன்னமும் உள்ளே ஏதோ ஒன்று நம்பியது. நான் அழுத்தவில்லை. தெரியவில்லை, அதனால் அழுத்தவில்லை. கண்ணோரம் வழிந்த நீர் காதுப் பஞ்சு வரை போனது, துடைக்க முடியாது, தலை அசையக் கூடாது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே, “நெறைய தெரியலம்மா,” என்றேன். முடிவு எதையும் சொல்லக் கூடாது சார் என்று முதலில் சொன்னாள். பிறகு ஃபைலை மூடிக்கொண்டே, “இந்த ஸ்கேன ஓரமா வெக்க மாட்டோம்,” என்றாள்.

அழுத்தாமல் இருந்துவிட்ட தைரியத்தில், அந்த வாரமே என் டாக்டரிடம் வெயில் கதை முழுவதையும் சொன்னேன். அவர் பல சோதனைகள் செய்தார். பஸ் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதைக் கேட்ட அன்று தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று தெரியாது. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது மறுபடியும் ஒரு பொய். இன்றைக்கும் ஒரு பஸ் திருப்பத்தில் வளைந்து போவதைப் பார்த்தால் உள்ளங்கை தானாக மடங்குகிறது. இப்போது கட்டுப்பாட்டு அறையில், குளிரில், திரையில் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நின்றுகொண்டுதான் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் பழகிவிட்டார்கள். வீட்டில் கோப்பியை மனைவிதான் ஊற்றுகிறாள்.

அந்தத் தம்பியை அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. நான் உயிரோடு இருப்பது அவன் என் காலரைப் பிடித்து இழுத்ததால். நான் ஓட்டாமல் விட்ட அந்தப் பஸ்ஸில் இன்று ஏறி இறங்குகிறவர்களுக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் நான் அவர்களுக்குச் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால், இரண்டாவது ஸ்கேனில், புள்ளி தெரியாமல், விரலை அசைக்காமல் கிடந்த அந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்வேன்.